காணாமல் போன மோட்டார்

பெரியப்பா மகன் எனக்கு அண்ணன். பம்புசெட் மோட்டார் திருடிய கேசில் இரண்டு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். வந்ததும் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினான். நான்கு மாதமாக ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. அறுவடை மும்முரத்தில் எங்கள் பக்கத்து வயல்காரரின் மோட்டாரைக் காணவில்லை என்றதும் போலீஸ் நேராகக் கொள்முதல் நிலையத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் அவனை ஜீப்பில் ஏற்றியது.

மறுநாள்தான் தெரிந்தது. வயல்காரரின் மகனே, அப்பாவிடம் சொல்லாமல், கருகிப்போன காயிலை மாற்றிக் கட்டக் கும்பகோணத்துக்கு மோட்டாரை எடுத்துப் போயிருக்கிறான். அண்ணனை விட்டுவிட்டார்கள். நான் வயல்காரரிடம் கத்தினேன்.

“விசாரிச்சுட்டு அனுப்பிட்டாங்கல்ல தம்பி, அப்புறம் என்ன?”

“உங்க மகனை ஏன் விசாரிக்கல?”

“அவன் என்ன ஜெயிலுக்கா போயிட்டு வந்தான்?”

கொள்முதல் நிலைய மேஸ்திரியும் அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். “எது காணாமப் போனாலும் ஜீப்பு இங்கதாம்ப்பா வரும்.”

ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பவும் உள்ளே போகிறார்கள் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்தேன். இந்த மேஸ்திரி அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“எடுத்திருந்தா மோட்டாராவது மிஞ்சியிருக்கும்டா” என்று அண்ணன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை.