தேங்காய் எண்ணெய் பூசிய பொயின்ட்

நூர்தீனின் பைக்கை வழியில் நிறுத்தியது உதிரிப்பாகம் விற்கும் பாட்ஸ் கடை முதலாளியாகிய நீங்கள்தான். பழியை என் தலையில் போட்டீர்கள். மீன் சந்தையில் நின்று, "அவன் போட்டது டூப்ளிகேட் பொயின்ட்" என்றீர்கள். அன்றிலிருந்து மீன்காரர்கள் என் கராஜைத் தாண்டிப் போகிறார்கள். நடந்ததை எழுதுகிறேன். வேலை பழகுகிறவர்களும் வாசிக்கட்டும்.

நூர்தீன் காத்தான்குடியில் பழைய நைன்டி பைக்கில் பெட்டி கட்டி மீன் விற்பவர்; அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பவர். அன்று காலை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"காக்கா, நீங்க போட்ட பொயின்ட் என்னையும் மீனையும் சேத்துக் கொல்லுது."

"மீன் முதல்லயே மவுத்து. நீ பிளக்கக் களட்டு."

பிளக்கை எஞ்சின் ஹெட்டில் வைத்துக் கிக்கரை மிதித்தேன். நெருப்பு இல்லை. மெக்னட் கவரைத் திறந்தேன். தொட்டுத் தொட்டு விலகி பிளக்கில் நெருப்பு வரவைக்கும் இரண்டு முனைதான் பொயின்ட். அதன் இடைவெளி சரி. முனைகள் தொடும் முகத்தில் குழி விழுந்திருந்தால் கொண்டென்சரைச் சந்தேகிக்கலாம். குழியும் இல்லை. கறுப்பாக ஒரு படை மட்டும் இருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன்.

"இதுல தேங்காண்ணெய் பூசின ஆரு?"

"நான்தான். உப்புத்தண்ணி படுற சாமான், துருப்பிடிக்காமப் பூசு எண்டு பாட்ஸ் கட முதலாளி சொன்னாரு."

வாவிக்கரையில் கத்தி, பூட்டு, செயின் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அவற்றுக்குச் சரி. பொயின்ட் முகத்தில் பூசினால் எண்ணெய் கருகிப் படையாகி மின்சாரத்தை மறிக்கும். முனைகளைத் திறக்கச் சுழலும் கேமில் உரசும் பஞ்சுக்குத் துளி கிரீஸ் போதும். முகம் காய்ந்தே இருக்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

பெற்றோல் துணியால் துடைத்துக் காயவிட்டேன். புதுச் சட்டை வரும் சேட் பெட்டி மட்டையில் ஒரு துண்டை முனைகளுக்கு இடையில் விட்டு இழுத்தேன். திரும்ப மிதித்தேன். நீல நெருப்பு.

"அதே பொயின்ட்தானே காக்கா?"

"நீயே குனிஞ்சு பாரன்."

பார்த்தார். பிளக்கைப் பூட்டிக்கொண்டு மீன் விற்கப் போனார்.

முதலாளி, அந்தப் பொயின்டை நான் வாங்கியதே உங்கள் கடையில்தான். பெட்டியை உடைத்து உங்கள் கையாலேயே எடுத்துத் தந்தீர்கள். அது இன்றும் அந்த பைக்கில் ஓடுகிறது.

சந்தைக்கு வாருங்கள். நூர்தீனின் பைக் அங்கே நிற்கும். கவரை நீங்களே திறவுங்கள். அது டூப்ளிகேட் என்றால் விற்றது யார்? நல்ல பொயின்ட் என்றால் அதில் எண்ணெய் பூசச் சொன்னது யார்? என்னைக் குறை சொன்ன அதே இடத்தில் நின்று, மீன்காரர்கள் எல்லோருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.