எட்டாவது துளை

சனாவுல்லாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. தங்கமான மனுஷன், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் அவன் குறி போடுகிறவன். பவுல்ராஜ் என்கிற நான் அங்கே டைப் அடிக்கிற கிளார்க். அவனுக்கு இங்கிலீஷ் வராது, எனக்குக் கணக்கு வராது. அதனாலேயே ஒருத்தர் உயிரை ஒருத்தர் வாங்கிக்கொண்டு கிடந்தோம்.

குறி என்பது ஒன்றுமில்லை. ஊர் ஊராக வியாபாரிகள் ஆட்டுத்தோலைக் கொண்டுவந்து பதனிடக் கொடுப்பார்கள். எல்லார் தோலும் ஒரே சுண்ணாம்புக் குழியில் கிடந்து, ஒரே ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வரும். வெளியே எடுக்கும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காக வால் பக்கம் சின்னச் சின்னத் துளைகள் போட்டு இறக்குவோம். அந்தத் துளை அடைத்துப் போகும், கிழியும், உண்ணி கடித்த இடம் புதிதாக ஓட்டையாகும். உடனே தோல் அடுக்குகிற கிட்டங்கியில் அடிதடி.

சனாவுல்லா ஒரு நாள் தன் மனைவி உம்மு சல்மாவின் கண்ணாடி வளையல் மூன்றைக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி மேஜையில் வைத்தான். உள்ளே ஏழு அறை கிடைத்தது. "ஒவ்வொரு வளையலுக்குள்ளயும் துள இரட்டப்படையில விழணும் பவுலு. அம்புட்டுத்தேன். ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா, எந்த எந்த வளையல்ல ஒத்தப்பட வருதுன்னு பாத்தாப் போதும். கெட்ட இடம் தானாக் காட்டிக் குடுத்துரும்" என்றான். நான் நம்பவில்லை. ஒரு தோல் துண்டில் அப்படியே துளை போட வைத்து, அவனை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு ஒரு துளையைக் களிமண்ணால் அடைத்தேன். திரும்பிப் பார்த்த கையோடு அந்த இடத்தில் விரலை வைத்தான்.

எல்லா வியாபாரிகளின் குறியையும் வளையல் கணக்குக்கு மாற்றினான். அன்றைக்குப் பிடித்தது பேட்டண்ட் பைத்தியம். கல்கத்தாவில் பதிய வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு மதராஸில் ஒரு ஏஜென்டைப் பார்க்கப் போனான். அவர் பொறுமையாகக் கேட்டார். "தோலும் பழசு, துளையும் பழசு. புதுசா இருக்கறது உங்க கணக்கு மட்டும்தான். மனசுக்குள்ள போடற கணக்குக்குச் சட்டத்துல இடமில்லை" என்றார். சனாவுல்லாவின் முகம் செத்துப் போனது. அதைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "தோல் பதனிடற வேலையில இதுவும் ஒரு படின்னு எழுதிப் பார்க்கலாம். ஆனா இந்த முறை ஒரு தடவைகூடத் தப்பான ஆளைக் காட்டினதில்லைன்னு நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்" என்றார். அதற்கென்ன, போட்டுவிட்டால் போகிறது என்று ஊர் வந்து சேர்ந்தோம்.

அந்த மழைக்காலத்தில்தான் கிதர் முகம்மதின் தோல் வர ஆரம்பித்தது.

கிதர் முகம்மது வியாபாரி. சனாவுல்லாவின் அக்கா ஜெய்தூன் பீவியின் புருஷன். முந்தின மார்கழியில் சிலோனுக்குக் கப்பலேறப் போனவர், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரியில் ரயிலோடு போய்விட்டார். அடக்கம் பண்ண மையித்துகூடக் கிடைக்கவில்லை. ஜமாத்தில் சொல்லிப் பார்த்தார்கள். புருஷனை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கியிருக்கிற இத்தாவுக்கு அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "யாரு பாத்தா? பாத்தவுகளக் கூட்டியாங்க" என்று ஒரே பேச்சு. ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் போய்விட்டால் அவர் குறியை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம். கிதரின் கடைசித் தோலும் பதனிட்டு எப்போதோ போய்விட்டது. வளையல் கணக்கில் அவருக்கு விழுந்த அந்தக் குறி சும்மா கிடந்தது.

குழியிலிருந்து எடுத்த ஒரு தோலில் துளை குழம்பியிருந்தது. சனாவுல்லா வளையல் கணக்குப் போட்டுத் திருத்தினான். திருத்தி முடித்ததும் கை நின்றுவிட்டது. கிதர் முகம்மதின் குறி. மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. குழியில் இறங்குகிற ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தத் தோல்களைத் தனியாக ஓர் ஆணியில் மாட்டியிருந்தோம். அதன் கீழே உட்கார்ந்து யாரும் சோறு தின்னவில்லை. காற்றே இல்லாத நேரத்திலும் அவை ஆடுவதாக ஒருவன் சொன்னான். நான் அவனைத் திட்டினேன். ஆனால் அன்றிலிருந்து நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

சேதி ஜெய்தூன் பீவிக்கு எட்டாமல் இருக்குமா? தினமும் சாயங்காலம் முக்காட்டோடு வாசலில் வந்து நிற்பாள். "இன்னிக்கி வந்துச்சா தம்பி?" என்று கேட்பாள். ஒரு நாள் ஈரத் தோலை வாங்கி முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். "கடல் வாசம் அடிக்குது. அவுக எங்கேயோ கரை ஏறிட்டாக. மறைவா இருந்துக்கிட்டுத் தோலு அனுப்புறாக" என்றாள். எங்கள் மூக்குக்குச் சுண்ணாம்பு நெடியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

சனாவுல்லா மாட்டிக்கொண்ட இடம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கு சரி என்றால் மச்சான் உயிரோடு இருக்கிறார். மச்சான் போய்விட்டார் என்றால் கணக்கு தப்பு. ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டிய சத்தியப் பத்திரத்தை நான் அடித்து வைத்திருந்தேன். கையெழுத்துதான் பாக்கி. "போட்டுத் தொலை. அக்காளும் நிம்மதியா இருக்கட்டும், உன் பேட்டண்டும் வரட்டும்" என்று நானே எரிந்து விழுந்தேன். அவன் பேனாவைத் தொடவில்லை. குழியடியில் போய் உட்கார்ந்துகொண்டான். பொழுதெல்லாம் அங்கேயேதான்.

விடை அங்கேதான் கிடைத்தது. குழியாள் சோலைமுத்து, ஒற்றைக் கொக்கியில் தோல் நழுவுகிறது என்று இரட்டை முனைக் கொக்கி ஒன்று அடித்து வைத்திருந்தான். வால் பக்கம் தோல் தடிப்பு, கிழியாது என்று அங்கேதான் மாட்டி இழுப்பான். சனாவுல்லா அந்தக் கொக்கியைப் பிடுங்கி வளையலின்மேல் வைத்தான். இரண்டு முனையும் கச்சிதமாக இரண்டு அறையில் உட்கார்ந்தன. எரியோடு கண்ணுசாமி என்ற வியாபாரியின் குறியில் அந்த இரண்டு அறையும் காலி. கொக்கி அங்கே இரண்டு துளை போட்டுவிடும். சுண்ணாம்பில் ஊறி உப்பினால் எந்தத் துளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு தப்பு என்றால் வளையல் திருத்தும். இரண்டு விழுந்தால் அது மூன்றாவதையும் சேர்த்துக் கெடுத்து, கண்ணுசாமியின் தோலைக் கிதருடையது என்று கூசாமல் காட்டிவிடும். கண்ணுசாமி தன் தோல் குறைகிறது என்று அந்த மாதம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

சனாவுல்லா சத்தியப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனான். கொக்கியையும் கையோடு எடுத்துப் போனான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கொக்கியின் முனைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நீ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்றாள். அந்த வாரமே இத்தாவில் உட்கார்ந்தாள்.

இனி எவனுக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று வளையலுக்கு வெளியே எட்டாவதாக ஓர் இடம் வைத்தான். மொத்தத் துளையும் இரட்டைப்படையாக வருவதற்காக, தேவைப்பட்டால் அங்கேயும் ஒரு துளை. வளையல் தப்பு என்று சொல்லி, மொத்தம் மட்டும் சரியாக வந்தால் இரண்டு தப்பு விழுந்திருக்கிறது, திருத்தாதே என்று அர்த்தம். பழைய கொக்கியைக் கிணற்றில் போட்டோம். ஷாப்பு அமைதியானது. நானும் ஆணிக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இத்தா முடியும் முன்னால் ஒரு மத்தியானம். வெயிலே இல்லை. சோலைமுத்து வெறுங்கையால் ஒரு தோலை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். சனாவுல்லா குனிந்து எண்ணினான். மறுபடியும் எண்ணினான். கிழிசல் இல்லை, அடைப்பு இல்லை. மூன்று வளையலும் இரட்டைப்படை. கிதர் முகம்மதின் குறி, சுத்தமாக. எட்டாவது துளையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அந்தக் குறிக்கு எட்டாவது துளையை யாரும் போட்டதே இல்லை. அவர் போகும்போது அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. துளை போடுகிற ஊசி சனாவுல்லாவின் இடுப்பைவிட்டு இறங்கியதுமில்லை.

"இதுல திருத்த ஒண்ணுமில்ல பவுலு" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"குழிக்குள்ளயே தள்ளி விடுறா. அக்காகிட்டப் போகாத" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே. சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தான். நான் ஜெய்தூன் பீவியின் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவன் பேசியது கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"அன்னைக்கி நீ சொன்னன்னு அவுகள என் கையால பொதச்சுட்டேன் தம்பி. மறுபடி உசுரோட எழுப்பி இன்னொரு தடவ பொதைக்க என்னால முடியாது. போயிரு."

சனாவுல்லா வெறுங்கையோடு வெளியே வந்தான். தோல் உள்ளேயே தங்கிவிட்டது.