வசந்தா அக்காவும் நடுக்கோடும்

பாரிவாக்கத்தில் என் அக்கா வசந்தாவின் வீட்டுக்கு எதிரே ஒரு மைல்கல் நிற்கிறது. பச்சைத் தலை, வெள்ளை உடம்பு. மாநில நெடுஞ்சாலைக்குப் போடுகிற வண்ணம். ஆனால் அங்கே இப்போது நெடுஞ்சாலை இல்லை. வளைவை நிமிர்த்துகிறோம் என்று கழனிகளுக்கு நடுவே புது ரோட்டை நேராக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வீட்டு வளைவு மட்டும், சாப்பிட்டு எழுந்த இலை மாதிரி, ஓரமாகக் கிடந்தது.

வளைவில் லாரிகள் வேகம் குறையும் என்பதாலேயே அக்காவின் கணவர், என் மாமா தட்சிணாமூர்த்தி, அங்கே டீக்கடை வைத்திருந்தார். புது ரோடு திறந்த பிறகும் கொஞ்ச நாள் அக்கா விடியற்காலையில் பழக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பால் அப்படியே திரிந்து போகும். கடைசியில் மாமா பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். அக்கா அந்தப் புது ரோட்டை மன்னிக்கவேயில்லை. எங்கே போவதானாலும் ஊருக்குள் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

"உங்க அக்கா அந்த ரோடோட டூ உட்டுகினு கீது மச்சான்," என்று மாமா போனில் என்னிடம் சிரிப்பார்.

"என் ஊட்டு அடுப்ப அணைச்சது அது. அதோட எனக்கு இன்னா பேச்சு?" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வரும்.

பழைய ரோடு சும்மா இருக்கவில்லை. ஒரு ஓரத்தில் வடாம், மெத்தை, கல்யாணத்துக்குக் கல்யாணம் பந்தல். இன்னொரு ஓரத்தில் புது அடுக்குமாடிக்காரர்கள் உறை போட்டு நிறுத்திய கார்கள். நடுவில் மட்டும் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு இடம் மிச்சம். அந்த நடுவில்தான் அக்கா, மாமாவின் ஓட்டை ஸ்கூட்டரை எடுத்துத் தானாகவே ஓட்டப் பழகினாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பத்மா வந்தாள். பிறகு அடுக்குமாடியிலிருந்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா வந்தாள். தப்பு செய்தால் கத்துவதற்கு எந்த ஆணும் பக்கத்தில் இல்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

அக்காவின் பாடம் ஒரே வரிதான். நடுவில் மங்கிக் கிடந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி, "கோட்ட மட்டும் பாரு. கோடே உன்ன கொண்டுபோய் உட்ரும்," என்பாள்.

நான் மெல்போர்னில் இருக்கிறேன். பாரிவாக்கத்தில் விடிகிறபோது எனக்கு இங்கே ஆபீசில் டீ நேரம். அக்கா வீடியோ கால் போட்டு, போனை மைல்கல்லில் சாய்த்துவைத்துவிட்டு வகுப்பெடுப்பாள். "ஹெல்மெட் எங்கே?", "ஆடு வருது, ஆடு!" என்று நான் இங்கிருந்து பதறுவேன்.

"டேய் செல்வா," என்பாள், "அங்க உக்காந்துகினு நீ பிரேக்க அழுத்தாத நைனா."

போன மாதம் சபீனா வண்டி பழக வந்தாள். பின் தெருவில் புதிதாகக் குடிவந்தவள். வெகுநாள் அலைந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேர இந்த வளைவுக்குள் பஸ் கிடையாது. ஸ்கூட்டியும் புது ரோடும்தான் வழி.

சில நாள் பழகியபின், சனிக்கிழமை காலை ஒத்திகை பார்க்கப் புது ரோட்டுக்குப் போனவள், வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். முழங்கை சிராய்த்திருந்தது. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை.

"எதிர்ல வந்த கார்க்காரன் என் கண்ணாடிய அடிச்சிட்டுப் போயிட்டான்க்கா. பின்னால லாரிக்காரன் காது கிழியற மாதிரி ஹாரன். விழுந்துட்டேன். எனக்கு இந்த வேலையே வேணாம்."

"நீ எங்கடி ஓட்டின?"

"நீங்க சொன்ன மாதிரிதான்க்கா. கோட்டப் பாத்துகிட்டே."

அக்கா நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாதான் மெல்லச் சொன்னார்: "எங்க ஸ்டாண்டுல பேரே வச்சிட்டானுங்க. எந்தப் பொம்பள நடு ரோட்டுல வண்டி ஓட்டினு வந்தாலும், 'தோ, வசந்தா ஸ்கூலு வருது'ம்பானுங்க."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிட்டு எங்க போய்ச் சாப்புடுவேன்?"

அன்றைக்கு என்னுடன் பேசும்போது அக்காவுக்குக் கேலி வரவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆயிருக்கும் பாத்தியா? அந்த ரோட்டுல நானே போனதில்ல. நான் இன்னாத்த கத்துக்குடுத்தேன்? உட்டுடட்டாடா?"

விட்டுவிடு என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அதற்குள் மாமா குறுக்கிட்டார். "உடறதுன்னா ஒருவாட்டி போய்ட்டு வந்து உடு."

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய ரோடு புது ரோட்டில் சேருகிற முனையில் அக்கா வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பின்சீட்டில் சபீனா, அவள் கைப்பையில் போன், போனுக்குள் நான். எனக்குக் கைப்பையின் இருட்டு மட்டும் தெரிந்தது.

"மாங்காட்டுத் தாயே," என்று அக்காவின் குரல். கூடவே, "பிஸ்மில்லா," என்று சபீனா முணுமுணுப்பது கேட்டது. பழங்கள் நசுங்கின.

பிறகு காற்று. ஒரு லாரியின் ஹாரன் நெருங்கிப் பெரிதாகி, கடந்து போனது. என் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"தோ வந்துட்டேன்டி," என்றாள் அக்கா. சபீனாவிடம் இல்லை, ரோட்டிடம். கொஞ்ச தூரம் போனதும், குரல் தணிந்து, "வழவழன்னு நல்லாத்தான் கீற," என்றாள்.

திரும்புகிற இடத்தில் வண்டி நின்றது. "இப்ப நீ ஓட்டு. நான் பின்னால கீறேன். கோடு உன் சோத்தாங்கை பக்கம் தள்ளியே இருக்கட்டும். நீ ஓரமா போ. எவன் ஹாரன் அடிச்சாலும் அடிச்சிகினு போறான்."

வழியெல்லாம் அக்கா, "ஓரம், ஓரம்," என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலமே பழைய ரோட்டில் மெத்தைகள் வேறு இடம் போயின. கிருஷ்ணப்பிரியா தன் காரை எடுத்து உள்ளே நிறுத்தினாள். அக்கா கோலமாவால் இடது ஓரத்தில் நீளமாக ஒரு பாதை வரைந்தாள். பழைய மாணவிகள் எல்லோரும் மறுபடி வர வேண்டும் என்று உத்தரவு. நடுக்கோட்டின் மேல் இப்போது வடாம் காய்கிறது.

திங்கட்கிழமை சபீனா தனியாகக் கிளம்பினாள். அக்கா மைல்கல் மேல் உட்கார்ந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே என்னோடு பேசினாள். இரண்டு பேருமே என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. நடுவில் அவள் போனில் இன்னொரு அழைப்பு மணி அடித்து, உடனே நின்றது. அம்பத்தூர் போனதும் ஒரு மிஸ்டு கால் கொடு என்று சபீனாவிடம் அக்காதான் சொல்லியனுப்பியிருந்தாள்.

அக்கா முந்தானையை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போய்ச் சேந்துட்டா. பிரேக்குலருந்து கால எடு நைனா."