ஊரே பார்த்த எக்ஸ்ரே

லீட்ஸில் எங்கள் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை ஹெலனுடையது. ஒரு திங்கட்கிழமை காலை வந்ததும் வராததுமாக, "கொஞ்சம் கிராஃபிக்கா இருக்கும், சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இருவருக்கும் கிராஃபிக் டிசைனர் வேலைதான் என்பதால், ஏதோ புது டிசைன் காட்டப்போகிறாள் என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னதோ பூனைக்குப் பல் பிடுங்கிய கதை. துளி ரத்தம் வந்ததாம். அந்தத் துளி ரத்தத்துக்கு முன்கூட்டியே அனுமதி! நான் காட்டூர்க்காரி. இந்த நாகரிகம் பிடிபட எனக்கு வெகுகாலம் ஆனது.

'கிராஃபிக்' என்ற அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய உறவு உண்டு. பள்ளியில் அது கட்டம் போட்ட தாள், கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய திட்டு. படித்து முடித்ததும் அரியமங்கலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் சேர்ந்தேன். அங்கே அது வாசல் போர்டில் கடைப் பெயரின் பாதி. காதுகுத்துக்கும் நாங்கள்தான், கண்ணீர் அஞ்சலிக்கும் நாங்கள்தான். "பின்னாடி ஸ்ரீரங்கம் கோபுரம் வைங்க, மேல ரெண்டு புறா விடுங்க, மாப்பிள்ளைய கொஞ்சம் செவப்பாக்குங்க" என்பார்கள். ஆக்கிக் கொடுப்போம். சினிமாவில் கதாநாயகன் லாரியைத் தாண்டினால் அம்மா கொட்டாவி விடுவார்: "அட போடி, எல்லாம் கிராஃபிக்ஸு." நம்மூரில் அந்தச் சொல்லுக்குப் பொய் என்று பொருள். இங்கிலாந்தில் அதற்கு, கண்கொண்டு பார்க்க முடியாத அளவுக்கு நிஜம் என்று பொருள். நான் இரண்டுக்கும் நடுவில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நிஜத்தைச் சொல்ல நம்மவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒருவருக்கு அடிபட்டதென்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் தெருவே வரும். "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்காமல் போனால் அது மரியாதைக் குறைவு. கேட்டவருக்கெல்லாம் முதலிலிருந்து, நடித்துக் காட்டி, தையலைத் திறந்து காட்டிச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்க வேண்டும். ஐந்தாறு வீட்டுக்குச் சொல்வதற்குள் வலி பாதியாகிவிடும் என்றே நான் நம்புகிறேன். லீட்ஸில் "சீக்கிரம் குணமாகுங்கள்" என்று ஒரு அட்டை வரும், பூப்படம் போட்டு. அந்த அட்டைகளை வரைவதும் நாங்கள்தான்.

போன ஆடியில் அப்பா ஸ்ரீரங்கத்துக்கு ஸ்கூட்டரில் போனபோது காவிரிப் பாலத்தில் விழுந்துவிட்டார். ஃபோனில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "லேசா வழுக்கிட்டாரு. கட்டு போட்டிருக்கு. நீ வேலையப் பாரு." வீடியோ காலில் அப்பாவின் முகம் மட்டும் தெரியும். காலைக் காட்டச் சொன்னால் கேமரா மின்விசிறிப் பக்கம் போய்விடும். லேசான அடிதான் போல என்று நானும் இருந்துவிட்டேன்.

லீவு கிடைத்து ஊருக்கு வந்து இறங்கினால், தெருமுனையில் இஸ்திரி போடும் முருகண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார். "வா பாப்பா! அப்பாவுக்கு எலும்பு வெளிய வந்துடுச்சாமே! ராடு வெச்சதுல ஸ்குரூ எல்லாம் வரிசையா தெரியுது. எக்ஸ்ரே பாத்தேன்ல." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இஸ்திரிக் கடைக்குக் காட்டின எக்ஸ்ரே பெற்ற மகளுக்குக் கிடையாதா? இந்த வீட்டில் நான் யார்? விருந்தாளியா?

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். அப்பா நாற்காலியில் காலை நீட்டியபடி திருதிருவென்று விழித்தார். அம்மா மட்டும் அசரவில்லை. "அத்தனை தூரத்துல தனியா கெடக்க. சொன்னா துடிச்சுப் போவ. எதுக்குடி உனக்கு அதெல்லாம்?"

"ஊருக்கே சொன்னீங்கல்ல? எனக்கும் சொல்லுங்க. முதல்லேருந்து. ஒண்ணு விடாம."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு புதுக் காது கிடைத்த சந்தோஷம். "உக்காரு. ஜீயபுரத்துலேருந்து வாழ இலை ஏத்திக்கிட்டு ஒரு மினி லாரி முன்னாடி போவுது. ஒரு கட்டு அவுந்து விழுது. நான் பிரேக்கப் புடிக்கிறேன், வண்டி சர்ருனு போவுது. பாலத்துச் சொவத்துல கால் மாட்டிக்கிச்சு. 'மடக்'குனு ஒரு சத்தம். குனிஞ்சு பாக்குறேன், வேட்டியில செவப்பு, நடுவுல வெள்ளையா என்னமோ எட்டிப் பாக்குது. வாழத்தண்டுன்னு நெனச்சேன்டா! அப்புறம் பாத்தா என் எலும்பு." ஒரு ஆட்டோக்காரர் தன் துண்டை உருவி எப்படி இறுக்கிக் கட்டினார் என்று என் கையைப் பிடித்தே செய்து காட்டினார். "இரு, தையலக் காட்டுறேன்" என்று வேட்டியை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே தோல் கருஞ்சிவப்பாக, கோணலாக, பளபளவென்று இருந்தது.

எனக்குக் காது அடைத்தது. சுவர்க் கடிகாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "போதும்பா" என்றேன். என் குரல்தான். நான் கேட்டு வாங்கிய கதை, பாதியில் நானே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்துகிறேன். அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. வேட்டியை அவசரமாக இழுத்து மூடிக்கொண்டார். "மன்னிச்சுக்கடா, தெரியாம..." என்றார். என் அப்பா, என்னிடம், மன்னிப்பு. அதுதான் ராடு இறங்கிய மாதிரி இருந்தது.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என் பின்னங்கழுத்தைத் தடவினார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டு லலிதா அக்கா, வெளியூரிலிருந்து வந்திருந்த தன் நாத்தனாரோடு, கையில் சாத்துக்குடிப் பை. "எப்படிண்ணே ஆச்சு? இவ இன்னும் கதையக் கேக்கவே இல்லையாம்." அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என் தோளைத் தொட்டு, "நீ வேணா உள்ள போய்ப் படுத்துக்கம்மா" என்றார்.

நான் போகவில்லை. எழுந்து, பீரோ மேலிருந்த எக்ஸ்ரேயை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "சொல்லுங்கப்பா" என்றேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜீயபுரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். வந்தவர்கள் இருவரும் நிமிர்ந்து எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கண்களை இறுக்க மூடிக்கொண்டு அதைப் பிடித்தபடி நின்றேன்.