செக்ரோலில் வெட்டிய பேர்

யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் நான். கொழும்பில் ஒரு கணினிக் கம்பனியில், கூட்டங்களில் கத்திக் கத்தியே மேலதிகாரி ஆனேன். கம்பனிகள் வேலைக்கு ஆள் எடுக்க உதவும் மென்பொருள்தான் எங்கள் வியாபாரம். பிறகு அதை விட்டுவிட்டு, கைத்திறன் இருந்தால் தோட்டத்துப் பிள்ளைகளும் முன்னேறலாம் என்று மேடை மேடையாகப் பேசக் கிளம்பினேன். பேச்சோடு நிற்காமல், பிறந்த தோட்டத்திலேயே ஒன்பது பெண்களுக்குக் கணினி வகுப்பும் நடத்தினேன்.

டவுனில் வாடிக்கையாளர் சேவை அலுவலகம் ஒன்று திறக்கப்போவதாகத் தெரிந்தது. தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள் வேண்டுமாம். எங்கள் பெண்களுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. வகுப்பிலேயே உட்கார்ந்து ஒன்பது பேரும் ஒரே மத்தியானத்தில் விண்ணப்பம் போட்டார்கள். ஒவ்வொன்றையும் நானே வரி வரியாகப் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்?

அதில் ஒருத்தி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், ரெண்டு பிள்ளைக்காரி. வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி. மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, தோட்டத்து வேலைய விட்டுட்டேங்க. செக்ரோல்ல என் பேர வெட்டச் சொல்லி ஆபிஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"அடிப்பாவி! பதில் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"நீங்கதானே மேடையில சொன்னீங்க, தோட்டத்துல ஒரு கால், வெளியில ஒரு கால் வச்சா முன்னேற முடியாதுன்னு?"

சொன்னேன்தான். கைதட்டலுக்காகச் சொன்னது. அவள் புருசன் கொழும்பில் கூலி வேலை. லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, செக்ரோல் பதிவேட்டில் இருந்த அவள் பேரை நம்பித்தான் இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு எங்கே போவாள்? அந்த நிமிசத்திலிருந்து போன் அடித்தாலே ஓடிப்போய்ப் பார்த்தேன். அவளோ, போகிற வழியில் பார்த்தால்கூட "கிடைச்சிரும்க்கா, பயப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நாலாம் நாள் செய்தி வந்தது. ஒன்பது பேருக்கும் ஒரே வரி: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

ஒருத்தியைக்கூடக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கவில்லையே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அலுவலகம் ஆள் எடுப்பது எங்கள் மென்பொருளில்தான் என்று எனக்குத் தெரியும். என் பழைய நாற்காலியில் இப்போது இருப்பவருக்குப் போன் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னார். "மேடம், ஒன்பதும் ஒரே விலாசம். ஏஜென்சிக்காரன் மொத்தமா போட்டதுன்னு மெஷின் தள்ளிடுச்சு. ஆள் எடுத்தும் முடிஞ்சிருச்சு."

"எந்த மடையன் இப்படி ஒரு விதி வச்சான்?"

"நீங்கதான் மேடம்."

ஐயோ, நானேதான். தோட்டத்தில் எவருக்கும் வீட்டு நம்பர் கிடையாது. தோட்டத்துப் பேர், கீழ்ப் பிரிவு, அவ்வளவுதான் எல்லாருக்கும் விலாசம். கடுதாசி எல்லாம் ஆபிசுக்குத்தான் வரும். இது தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்து அந்த விதியில் கையெழுத்துப் போட்டபோது, நான் எங்கே பிறந்தேன் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் காம்பராவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, நீங்க மொத மொத வேலைக்கு எழுதிப் போட்டப்போ எந்த விலாசம் குடுத்தீங்க?"

"எஹலியகொடயில மாமா கடை விலாசம்."

"ஏங்க?"

"தோட்டத்து விலாசத்தப் பாத்தா கூப்பிட மாட்டாங்கன்னு..."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். வெட்டின பேரை மறுபடி போடுவார்களா என்று தோட்டத்து ஆபிசில் கேட்கப் போகிறாளாம். நானும் வந்து பேசுகிறேன் என்று பதறி எழுந்தேன்.

"வேணாங்கக்கா. அங்க நானே பேசிக்கிறேன். நீங்க பிள்ளைங்கள மட்டும் பாத்துக்கங்க."