வாட்டர் பம்பு தந்த நண்பகல்

தூத்துக்குடிக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே லாரி ஓட்டும் என் மகன், மாதந்தோறும் செங்கல்பட்டைக் கடந்து போகிறான். மாமல்லபுரத்தில் இருக்கும் என்னை வந்து பார்க்க மட்டும் அவனுக்கு நேரம் வாய்ப்பதில்லை.

இன்று காலை அழைத்தான்.

"நைனா, ஊரப்பாக்கத்துல வண்டி சூடேறி நின்னுகினு கீது. வாட்டர் பம்பு பூட்ச்சி."

வீட்டிலிருந்த புளியோதரையைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, மெக்கானிக் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரேடியேட்டர்ல ஊத்துற தண்ணி மொத்தமும் பம்புல ஒழுவுது அண்ணாத்த. புதுசு செங்கல்பட்டுலேர்ந்து வரணும். சாயங்காலம் ஆவும்."

"பேஜாரா பூட்ச்சே!" என்று மகன் தலையில் கைவைத்தான். நானோ உள்ளுக்குள் பெருமாளுக்கு நன்றி சொன்னேன்.

பிரிவாற்றாமையைப் பாடும் பாசுரங்களை நெடுங்காலமாக ஓதிவருகிறேன். லாரியின் நிழலில் அமர்ந்து அவன் உண்பதைப் பார்த்தபோதுதான் அவற்றின் பொருள் எனக்கு முழுதாக விளங்கிற்று. அவனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. இதுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆகும் என்ற புதுப் பம்பு, அவன் கை கழுவுவதற்குள்ளேயே வந்துவிட்டது.

"இன்னா பெர்சு, மூஞ்சி வாடிப் போச்சி? வண்டி ரெடியாவுது, சிரி!" என்றார் மெக்கானிக்.

"இனிமே எங்கயும் நிக்காது நைனா" என்று சொல்லி, மகன் லாரியைக் கிளப்பினான்.

அவன் வண்டி வழியில் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும் என்று நாள்தோறும் சந்நிதியில் வேண்டுபவன் நான். இன்று மாலை அந்த வேண்டுதலைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

லாரி ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் என்ன வேண்டிக்கொள்கிறீர்கள்?