எட்டு மில்லி பால்

பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடமாக நான் பார்க்கும் வேலை ஒன்றுதான்: பெட்டியில் ஒட்டிய லேபிள் சரியா என்று பார்ப்பது. கோணலாக ஒட்டியவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்காமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

என் மகன் இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில், இன்குபேட்டருக்குள் பதினாறு நாளாகக் கிடந்தான். வீடு இருக்கும் பாகான் டாலாமிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டி வந்து போக முடியாது என்று, தாய்மார்கள் தங்கும் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பில் பால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பிள்ளையின் வாய்க்குள் விட்ட மெல்லிய குழாய் வழியாக நர்ஸுகள், எங்கள் பேச்சில் மிஸ்ஸிகள், இறக்குவார்கள். ஆனால் கடைசி இரண்டு நாளாக அவனுக்குப் பால் நிறுத்தியிருந்தார்கள். ஊற்றியதெல்லாம் செரிக்காமல் பச்சையாகத் திரும்பி வந்தது, வயிறு உப்பிக்கொண்டது. அன்று பகல் பன்னிரண்டுக்கு இரண்டு மில்லி மட்டும் கொடுத்துப் பார்க்கலாம், அதுவும் தங்கவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்து மருமகள். ஆபரேஷன் செய்து இருபத்தேழாவது வாரத்தில் எடுத்த மகள் அவளுக்கு. ஐந்து நாளாகப் பம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தும் ஒரு சொட்டு வரவில்லை. அந்தப் பிள்ளை வயிற்றில் அதுவரை பாலே படவில்லை. பவுடர் பால் கொடுக்கவும் டாக்டர்களுக்கு மனமில்லை, தாய்ப்பாலுக்காகக் காத்திருந்தார்கள். "என் பால் அதுக்கு ஒத்துக்குமான்னே தெரியலக்கா" என்று தினமும் அழுவாள். நான்தான் அதட்டுவேன். "அழுதா பால் வருமா? தண்ணியக் குடி!"

என் பாலில் கொஞ்சம் கொடுத்துவிடலாமே என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பதறிப்போனாள். "ஐயோ அக்கா, அதெல்லாம் சும்மா இல்ல. ஒரு தாய்ப்பால் குடிச்சா எங்க மார்க்கத்துல கூடப்பொறந்தவங்க மாதிரி. பின்னால கல்யாணம் காட்சின்னு எவ்வளவோ இருக்கு." எனக்கு அது தெரியாது. மருத்துவமனையில் பால் விஷயத்தில் அத்தனை கறாராக இருப்பதற்கு, நோய்க்கிருமி தவிர இப்படியும் ஒரு காரணம் இருக்கிறதென்று அன்றுதான் புரிந்தது.

அவளுக்கு ஆறாம் நாள், டாக்டர் என் மகனுக்கு இரண்டு மில்லி சொன்ன அதே நாள், காலை பதினொரு மணிக்குப் பம்ப் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பாட்டில்கள் அப்போதுதான் கொதிநீரிலிருந்து வந்திருந்தன, ஈரம். தாயின் பேர் போட்ட ஸ்டிக்கரைப் பாட்டிலில் ஒட்டச் சொல்லிச் சுவரில் எழுதியே போட்டிருந்தார்கள். ஈரத்தில் ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுமை ஏது? என் ஸ்டிக்கரை மூடியில் ஒட்டினேன். தையல் வலியில் குனிய முடியாமல் இருந்தாளே என்று அவளுடையதையும் வாங்கி மூடியில் ஒட்டினேன்.

"அக்கா, பாட்டில்லதானே ஒட்டச் சொன்னாங்க?"

"ஏ, லேபிள் ஒட்டுறதுக்கு எனக்கே பாடம் எடுக்குறியா? பேசாம பம்பு பண்ணுலா."

அன்றைக்கு அவளுக்குப் பால் வந்தது! முதலில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். கெட்டியாக, மஞ்சளாக, எட்டு மில்லி. பாட்டிலைத் தூக்கிப் பிடித்து "அக்கா, அக்கா" என்று அழுதாள், சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மகனின் கவலையில் எனக்கு அன்று பத்துதான் வந்தது, அதைப் பற்றிக்கூட நான் நினைக்கவில்லை. அதற்குள் மிஸ்ஸி தட்டோடு வாசலில் நின்று, "முடிஞ்சிருச்சாலா? மணியாகுது" என்று கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டிலையும் நானே மூடி, நானே தட்டில் வைத்தேன்.

மிஸ்ஸி நம் ஆள்தான், தமிழ்க்காரி, ஊர் ஆயர் ஈத்தாம். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு மிஸ்ஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கரையும் என் மகனின் காலில் கட்டிய பட்டையையும் வாசித்துச் சரிபார்த்தாள். "மூடியிலயா ஒட்டுனீங்க? அடுத்த தடவ பாட்டில்ல ஒட்டுங்கக்கா" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஊசி மாட்டாத சிரிஞ்சில் இரண்டு மில்லியை ஊற்றிக் குழாயோடு சேர்த்து உயரத் தூக்கிப் பிடித்தாள். பால் தானாக இறங்க ஆரம்பித்தது.

மஞ்சளாக இருந்தது.

என் பால் பத்து நாளாகவே வெள்ளை. அரிசி கழுவிய தண்ணீர் போல இருக்கும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூடி மாறிவிட்டது. நான்தான் மாற்றிவிட்டேன்.

இதை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை: நான் உடனே கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதல் பால் மருந்து மாதிரி என்று டாக்டரே சொல்லியிருந்தார். இவனுக்கு இப்போது தேவை அதுதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். சிரிஞ்சு காலியாகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மிஸ்ஸி அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு மூன்றாவது இன்குபேட்டருக்குப் போனாள். அங்கே கிடந்தது பக்கத்துக் கட்டில்காரியின் மகள். உள்ளங்கை நீளக் கால்கள். அந்தப் பட்டையை வாசித்தார்கள், ஸ்டிக்கரை வாசித்தார்கள். சிரிஞ்சில் என் வெள்ளைப் பால் ஏறியது. மிஸ்ஸியின் கை குழாயைத் தொட்டது.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க! அது என் பால்!"

மொத்த வார்டும் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி குழாயைக் கிள்ளிப் பிடித்துவிட்டாள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகு தலைமை மிஸ்ஸி வந்தார், டாக்டர் வந்தார். என் மகன் வயிற்றில் இறங்கிய பாலை இழுத்து எடுக்கலாமா என்று தலைமை மிஸ்ஸி கேட்டதற்கு, அந்த வயிற்றை இன்னும் நோண்ட வேண்டாம் என்றார் டாக்டர். இரண்டு பாட்டிலையும் கொட்டிவிட்டார்கள். பால் கொடுத்தவளின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும், அதனால் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். நானே சொல்கிறேன் என்றேன். தலைமை மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடவே வந்தார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, பால் வந்த சேதியை அவள் உம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். மூடி, ஸ்டிக்கர், மஞ்சள், எல்லாம். கத்தாமல் நின்றதைத் தவிர எல்லாம்.

"யா அல்லாஹ்!" என்றாள். போன் மடியில் விழுந்தது. "நான் அப்பவே கேட்டேன்ல? கேட்டேன்ல அக்கா? நீங்கதானே பெரிய இவ மாதிரி பேசாம இருன்னீங்க! ஆறு நாளு. ஆறு நாளு கழிச்சு வந்துச்சு. கைக்கு எட்டுனது என் புள்ள வாய்க்கு எட்டலையே!" அவள் வீட்டுக்காரர் மார்க்கம் படித்த உஸ்தாஸிடம் கேட்க வேண்டும், மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று என்னென்னவோ சொன்னாள். மன்னிச்சிரும்மா என்றேன். "என் கூடப் பேசாதீங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரத்தம் எடுக்க வந்தவரிடம் மட்டும் கையை நீட்டினாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் கடிபட்டது என் மடி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னை அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு மகனின் வயிற்றிலிருந்து மிஸ்ஸி குழாயில் இழுத்துப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமே வரலக்கா, சுத்தமா செரிச்சிருச்சு" என்றாள். வயிறும் இளகி இருந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அழுத மறு நிமிடமே வெட்கம் பிடுங்கித் தின்றது.

இரண்டு மணிக்கே பம்ப் எடுத்திருக்க வேண்டும். போனேன். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டிலில் ஒன்றும் இல்லை. தள்ளிப் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தங்குச்சா?" என்று கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"தங்குச்சு."

"கொஞ்சம்கூட வெளிய வரலையா?"

"ஒண்ணுமே வரல."

மெஷினை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எம்புள்ளைக்கும் தங்கும்" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு மறுபடி சுவிட்சைப் போட்டாள்.